அறுநூற்று நாற்பது கேசட்டும் ஒரு விசிலும்

இந்தப் பக்கம் வந்து உட்காருங்க தம்பி. அந்தப் பக்கம் இருந்து பேசுனா எனக்குக் கேக்காதுன்னு இல்ல, கேக்கும். ஆனா இந்தக் காதுக்குக் கொஞ்சம் விருப்பம் அதிகம். அம்மாவுக்குப் பாக்கவா வந்திருக்கீங்க? நல்லது. என்ன டோக்கன், பதினாலா? எனக்குப் பதினொண்ணு. இப்பத்தான் ஆறாம் நம்பர் உள்ள போயிருக்கு. ஒவ்வொரு ஆளையும் கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார வச்சு, சத்தத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாக்காங்களாம். மெதுவாத்தான் நகரும்.

நான் ஸ்தனிஸ்லாஸ். ஊர் தூத்துக்குடி. அங்க காது டாக்டர் இல்லாமலா? இருக்காங்க. அங்க போய் உட்கார்ந்தா எவனாவது பழைய ஸ்டூடண்ட் பாத்து, 'சாருக்குக் காது போயிட்டு'ன்னு ஊர் பூரா சொல்லிருவான். அதான் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்துட்டேன். பிசிக்ஸ் வாத்தியார் நான், முப்பத்திரண்டு வருஷம். 'ஒலி'ன்னு ஒரு பாடம் நடத்தணும். மனுசக் காது இருபது ஹெர்ட்ஸ்ல இருந்து இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், வயசாக ஆக அந்த மேல் எல்லை இறங்கிக்கிட்டே வரும், கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும். இதை வருஷா வருஷம் போர்டுல எழுதி, கீழ கோடும் போட்டிருக்கேன். ரெண்டு மார்க் கேள்வி. பத்தாயிரம் பிள்ளைகளுக்காவது அந்த ரெண்டு மார்க்கை வாங்கிக் குடுத்திருப்பேன். எனக்குத்தான் கிடைக்கலை.

என்னன்னு கேக்கீங்களா? சொல்லுதேன். இன்னும் அஞ்சு பேர் இருக்காங்கள்ல.

எனக்கு ரேடியோ கிறுக்கு. 82-ல கல்யாணம் ஆச்சு. மச்சான் ஒரு டூ-இன்-ஒன் குடுத்தாரு. ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டியில இருக்குமே, அது. கல்யாணத்துக்கு வந்ததுலயே எனக்குப் பிடிச்சது அதுதான்னு என் வீட்டுக்காரி ரெஜினா இன்னைக்கும் சொல்லுவா. அன்னையில இருந்து நான் பதிவு பண்ணாத நாள் கிடையாது. நாடகம், விவசாய நிகழ்ச்சி, நேயர் கடிதம், பாட்டுக் கச்சேரி, எல்லாம். கடலுக்குப் போறவங்களுக்கு எச்சரிக்கை சொல்லுவாங்கள்ல, காத்து மணிக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்னு. அதையும் பிடிச்சு வச்சிருக்கேன். 87-ல அடிச்ச காத்து. அடிச்சு ஓய்ஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. எங்கிட்ட பத்திரமா இருந்துச்சு.

நான் சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டா வீட்டுல ஒரு ஈ பறக்கக் கூடாது. குக்கர் வைக்கக் கூடாது. குழாய் திறக்கக் கூடாது. தாளிக்கக் கூடாது. டூ-இன்-ஒன்ல ரேடியோவுல இருந்து உள்ளுக்குள்ளயே டேப்புக்குப் போயிரும், வெளிச் சத்தம் ஏறவே ஏறாதுன்னு யாராவது சொல்லுவாங்க. எனக்கும் தெரியும் தம்பி, நான் பிசிக்ஸ். ஆனா அதுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா? என் மகனுக்கு மூணு வயசு வரைக்கும் பேச்சே வரலை. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். அவரு பிள்ளையைப் பாத்துட்டு, 'வீட்டுல எல்லாரும் நல்லா பேசுவீங்களா?'ன்னு கேட்டாரு. ரெஜினா என்னைப் பாத்தா. நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்தேன்.

இப்படிச் சேர்ந்தது அறுநூத்தி நாப்பது கேசட். ஒவ்வொண்ணுக்கும் நம்பர். எந்த நம்பர்ல என்ன இருக்குன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் ஒரு நாள் யோசிச்சேன். கேசட் எத்தனை நாளைக்கு இருக்கும்? பூஞ்சை பிடிச்சிரும், ஒட்டிக்கிரும். நமக்கு அப்புறம் வாரவன் இதையெல்லாம் கேக்க வேண்டாமா? வருங்காலத் தலைமுறைக்கு நம்ம விட்டுட்டுப் போறது என்ன? அப்படின்னு ரெஜினாகிட்ட கேட்டேன். 'ஒரு ரூம் நிறைய தூசி'ன்னா. அவளுக்கு இந்த மாதிரி விஷயத்துல பார்வை பத்தாது. நானே ஒரு பிளேயர் வாங்குனேன். கேசட்டைப் போட்டா பாடும், பாடப் பாட கம்ப்யூட்டருக்குள்ள போய் உட்கார்ந்துக்கிடும். அதோட வந்த அடாப்டர் ரெண்டாவது வாரமே கையில சூடா பிடிச்சுச்சு, அப்புறம் செத்துப் போச்சு. கடைக்கு ஏன் போகணும்? பழைய சாமான் பெட்டியைக் கிண்டுனேன். ஒரு அடாப்டர் கிடந்துச்சு. எந்தப் பொருளோட வந்ததுன்னு தெரியலை. வோல்ட்டேஜ் பாத்தேன், சரி. ஆம்பியர் பாத்தேன், சரி. பிளஸ் மைனஸ் பாத்தேன், சரி. மாட்டிட்டேன். வேற யாராவதுன்னா யோசிச்சிருப்பாங்க. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ரெண்டு வருஷம் தம்பி. காலையில காபி குடிச்சதும் உட்கார்ந்தா மத்தியானச் சாப்பாடு வரைக்கும். ஸ்பீக்கர்ல சத்தமா ஓடும். சத்தமா வச்சாத்தானே நயம் தெரியும். ஏத்துனதை எல்லாம் இன்டர்நெட்டுல போட்டேன். 'ஸ்தனிஸ்லாஸ் ஒலிக் கருவூலம்'. எப்படிப் பேரு? விசிட்டிங் கார்டுகூட அடிச்சேன். 'வருங்கால நேயர்களுக்காக'ன்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருந்தேன். இந்தா, பர்ஸ்ல ஒண்ணு இருக்கு பாருங்க. வச்சுக்கோங்க. இல்ல, குடுங்க, வேண்டாம்.

ஆரம்பிச்ச மாசமே ரெஜினா சொன்னா. 'ஏங்க, அந்தப் பெட்டியைப் போட்டாலே எனக்குத் தலை வலிக்கி. உள்ளுக்குள்ள கீன்னு ஊசி குத்துத மாதிரி இருக்கு'ன்னா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நாப்பது வருஷமா என் ரேடியோவைக் கண்டாலே அவளுக்குத் தலைவலி. இது அதோட தொடர்ச்சின்னு நினைச்சேன். 'தைலம் தேய்ச்சுக்கோ'ன்னேன். அடுத்த வீட்டு நாய், பிளாக்கின்னு பேரு, எப்பவும் எங்க வாசல்லதான் படுத்துக் கிடக்கும். நான் பிளேயரை ஆன் பண்ணுனா எந்திரிச்சு, வாலைக் காலுக்குள்ள விட்டுக்கிட்டு ஓடிரும். விவசாய நிகழ்ச்சிக்கும் ஓடுச்சு, கச்சேரிக்கும் ஓடுச்சு. 'நாய்க்கு ரசனை கிடையாது'ன்னேன். 'எனக்கும் அந்த நாய்க்கும் ஒரே நேரத்துலதான் வலிக்கி, அதையாவது யோசிங்க'ன்னா ரெஜினா. நான் யோசிக்கலை. எனக்கு வேலை இருந்துச்சு.

என் வயசு ஆளுங்க எல்லாம் கேட்டுட்டு எழுதுவாங்க. 'தெய்வீகம்.' 'கண்ணீர் வருகிறது ஐயா.' 'துல்லியம்.' துல்லியம்னே எழுதுனாங்க தம்பி. ஒருத்தருக்கு எழுபத்தெட்டு வயசு. அவரு கமெண்ட்டை நான் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தேன்.

ஒரு பொண்ணு மட்டும் வேற மாதிரி எழுதுனா. சியாமளான்னு பேரு, மஸ்கட்டுல இருக்கா. 85-ல ஒரு ரேடியோ நாடகம் பதிவு பண்ணியிருந்தேன், 'மாடியிலே மாமியார்'னு. அதுல மாமியாரா நடிச்சது அவ அம்மா, சங்கரவடிவு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்த அம்மா. ஆசைக்கு ரேடியோவுல நடிக்கப் போயிருக்காங்க. அப்ப அவங்களுக்கு இருபத்தாறு வயசு. இவ ஒரு வயசுப் பிள்ளை. அடுத்த வருஷமே மஞ்சக்காமாலையில போயிட்டாங்க. போட்டோ நாலு இருக்காம். குரல்னு எதுவுமே இல்ல. இன்டர்நெட்டுல என் நாடகத்துல அம்மா பேரை வாசிக்கதைக் கேட்டிருக்கா. முதல் தடவையா அம்மா பேசிக் கேக்குதா, நாப்பது வயசுல. கேட்டா, அம்மா கிழவி குரல்ல, 'ரசத்துல உப்பு எங்கடி?'ன்னு மருமகளைத் திட்டிக்கிட்டு இருக்காங்க.

அதெல்லாம் எழுதிட்டுக் கடைசியில, 'ஐயா, பின்னாடி ஒரு விசில் சத்தம் விடாம வருதே, ஒரிஜினல்லயே அப்படித்தானா?'ன்னு கேட்டிருந்தா.

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? அப்படியே சொல்லுதேன், எனக்கு மனப்பாடம். 'மகளே, நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒலியியல் கற்பித்தவன். பதிவில் குறையில்லை. தங்கள் இயர்போனை மாற்றிப் பார்க்கவும்.'

அவ மாத்தியிருக்கா தம்பி. புதுசா வாங்கியிருக்கா. ஒரு மாசம் கழிச்சு மறுபடி எழுதுனா. ஆபீஸ்ல தெரிஞ்ச ஒருத்தர் கம்ப்யூட்டர்ல அந்த விசிலை மட்டும் வடிகட்டி எடுத்துக் குடுத்திருக்காரு. விசில் போயிட்டு. ஆனா நாடகத்துல ஒரு இடத்துல மாமியார் சிரிக்கணும். அவங்க பேசுனது எல்லாம் கிழவிக் குரல்தான், சிரிப்பு மட்டும் மறந்துபோய்ச் சொந்தச் சிரிப்பா வந்துட்டு, இருபத்தாறு வயசுச் சிரிப்பு. அந்தச் சிரிப்போட மேல் கீச்சும் விசிலும் ஒரே உசரத்துல இருக்கு போல. 'விசிலை எடுத்தா அம்மா சிரிப்பும் போயிருது ஐயா. ஒரிஜினல் கேசட் இருந்தா தயவுசெஞ்சு மறுபடி ஒரு தடவை ஏத்திப் பாப்பீங்களா?'ன்னு கெஞ்சிக் கேட்டிருந்தா.

நான் அதுக்குப் பதிலே போடலை. ஒண்ணு, எனக்குக் கோவம். ரெண்டாவது, கேசட் எங்கிட்ட இல்ல.

ஆமா. குடுத்துட்டேன். வேலை முடிஞ்சதும் ரெஜினா ரூமைக் கேட்டா, மகன் குடும்பத்தோட வாரான்னு. அதான் எல்லாம் ஏத்தியாச்சே, இனி இந்த பிளாஸ்டிக் எதுக்குன்னு, எங்க பள்ளிக்கூடத்துல வாட்ச்மேனா இருந்த வெயிலுமுத்துகிட்ட மொத்தத்தையும் தூக்கிக் குடுத்தேன். அவனுக்கு ஓட்டப்பிடாரம் பக்கம் கம்புக் காடு இருக்கு. டேப் நாடாவை உருவிக் குறுக்க நெடுக்க இழுத்துக் கட்டுனா, காத்துக்கு விர்ருனு சத்தம் போடும், வெயிலுக்குப் பளபளன்னு மின்னும், குருவி கிளி இறங்காது. பாத்திருப்பீங்க. 'சார், உங்க ரேடியோ என் கம்புக்குக் காவல் இருக்கும்'னு சந்தோஷமா வண்டியில ஏத்திட்டுப் போனான். நானும் சந்தோஷமா கை காட்டுனேன்.

எத்தனாவது நம்பர் போகுது? ஏழா? சரி.

தை மாசம் எங்க பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. 'சார், உங்க பழைய ரேடியோ பதிவு எல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டணும்'னு ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கூப்பிட்டாங்க. புதுச் சட்டை தைச்சேன். முன்னால மூணு வரிசை எங்க செட்டு, ரிட்டயர் ஆன வாத்தியாருங்க எல்லாம். அதுக்குப் பின்னால இப்ப உள்ள டீச்சருங்க. அதுக்கும் பின்னால பிள்ளைக, ஒரு முந்நூறு இருக்கும். பெரிய பெரிய ஸ்பீக்கர். நான் மைக்ல, 'வருங்கால நேயர்களே'ன்னு ஆரம்பிச்சேன். கை தட்டுனாங்க. 'மாடியிலே மாமியார்' நாடகத்தைப் போட்டேன்.

முன் வரிசையில எல்லாரும் கண்ணை மூடி, தலையை ஆட்டிக் கேக்காங்க. பின்னால ஒரே சலசலப்பு. பாத்தா, அத்தனை பிள்ளைகளும் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு இருக்கு. ஒரு பிள்ளை அழுது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒண்ணையும் பொறுமையா கேக்கத் தெரியலையேன்னு. சிஸ்டர் என் பக்கம் குனிஞ்சு மெதுவா, 'சார், விசில் ரொம்ப வருது'ன்னாங்க. நான் நாடகத்தை நிப்பாட்டிட்டு மைக்கை எடுத்தேன்.

'யாருலே விசிலடிச்சது?'ன்னேன்.

 'ஒழுங்கா எந்திரிச்சு நில்லுங்க. இல்லைன்னா ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது.' ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆகுது, எனக்கு என்ன அதிகாரம்? ஆனா சொன்னேன். கடைசியில ஆறாப்பு இருக்கும், ரெட்டைச் சடை போட்ட பொண்ணு ஒண்ணு எந்திரிச்சா. 'நாங்க யாரும் அடிக்கல சார். பெட்டிதான் சார் அடிக்கி'ன்னா.

'பெட்டியா?'

'ஆமா சார். ஆரம்பிச்சதுல இருந்து அடிக்கி. உங்களுக்குக் கேக்கலையா சார்?'

தைரியமான பிள்ளை. நானும் விடலை. அந்தப் பிள்ளை பொய் சொல்லுதுன்னு எல்லாருக்கும் காட்டணும்னு, நாடகத்தை மறுபடி ஓட விட்டு, 'விசில் கேக்குறவங்க எல்லாம் கையைத் தூக்குங்க'ன்னேன்.

பிள்ளைக அத்தனை பேரும் தூக்குனாங்க. சரி, விளையாடுதுக. அதுக்கு முன்னால இருந்த டீச்சருங்களும் தூக்குனாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே. சிஸ்டருக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், அவங்களும் பாதி தூக்குனாங்க. அம்பது வயசைத் தாண்டுனதும் கை குறைஞ்சுது. முன் மூணு வரிசையில ஒரு கை இல்ல. நாங்க எல்லாம் திரும்பிப் பின்னால பாத்துக்கிட்டு இருக்கோம், என்ன நடக்குன்னு தெரியாம.

அது ஒரு கிராஃப் தம்பி. வயசுக்கும் கேக்குற சத்தத்துக்கும் உள்ள கிராஃப். நான் போர்டுல முப்பத்திரண்டு வருஷம் போட்டேன்ல, அதையே மனுசங்களை வச்சுப் போட்ட மாதிரி கண்ணு முன்னால நிக்குது.  யாருக்காக ரெண்டு வருஷம் உட்கார்ந்து ஏத்துனேனோ, அந்த வருங்காலம் முழுக்கக் காதைப் பொத்திக்கிட்டு இருக்கு. கேக்க முடிஞ்சது எல்லாம் என்னைய மாதிரி நாலு பேருக்குத்தான். எங்களுக்கு அது தேவையே இல்ல. நாங்கதான் அன்னைக்கே கேட்டுட்டோமே.

பொன்னாடை போத்துனாங்க. அதையும் வாங்கிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினாவைக் கூப்பிட்டேன். பிளேயரை எடுத்து, கடையில வாங்குன ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டு, 'விசில் கேக்கா?'ன்னேன். 'கேக்கு'ன்னா. அறுபதைத் தாண்டியும் அவ காது இன்னும் கூர்மைதான், எல்லாருக்கும் ஒண்ணு போல இறங்கிராது. அடாப்டரை உருவிட்டு நாலு பேட்டரி போட்டேன். 'இப்ப?' அவ தலையைச் சாச்சுக் கேட்டா. 'இப்ப இல்ல'ன்னா. மறுபடி அடாப்டர். 'இருக்கு.' மறுபடி பேட்டரி. 'இல்ல.' எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. ஆறு தடவை மாத்தி மாத்திப் போட்டேன். ஏழாவது தடவை அவளே வந்து அடாப்டரைக் கையில எடுத்து, 'ரெண்டு வருஷமா சொன்னேன்லா'ன்னா. திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் சியாமளா எழுதுனதைக் காட்டுனேன். நான் போட்ட பதிலையும் காட்டுனேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சா. 'இயர்போனை மாத்தச் சொன்னீங்களா?'ன்னா. ஆமான்னேன். 'அந்த நாடகம் எத்தனாவது நம்பர்?' நூத்திப் பதினேழுன்னேன். 'செருப்பை மாட்டுங்க'ன்னா.

மத்தியான வெயில்ல ரெண்டு பேரும் வெயிலுமுத்து காட்டுக்குப் போனோம். தூரத்துல இருந்தே தெரியுது. கம்பு ஆள் உசரம் நிக்கி, அதுக்கு மேல வரிசை வரிசையா கறுப்பு நாடா, ஏரித் தண்ணி மாதிரி மின்னுது. 'அது சத்தம் போடுதுங்க'ன்னா ரெஜினா. 'எப்படி?' 'ஒரு வீடு நிறைய ஆளு இருந்து முணுமுணுக்குத மாதிரி.' நான் காதுக்குப் பின்னால கையை வச்சுக் கேட்டேன். காத்து மட்டும் கேட்டுச்சு. நான் வச்ச காவல் நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு குருவி இல்ல.

வெயிலுமுத்து வந்தான். விஷயத்தைச் சொன்னேன். தலையில கை வச்சு உட்கார்ந்துட்டான். 'சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேனே'ன்னான். அவன் மேல என்ன தப்பு? நானூத்திச் சொச்சம் கேசட் சாக்குல அப்படியே இருந்துச்சு. நூத்தி எழுபது மட்டும் கட்டியிருந்தான். நீ எந்த வரிசையில கட்டுனன்னு கேட்டா, 'ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையா எடுத்தேன் சார், வடக்கு வரப்புல ஆரம்பிச்சேன்'னான். ஒரு கேசட்டு நாடா இங்கிட்டு இருந்து அங்கிட்டுப் போய்த் திரும்பி வரும். அப்ப நூத்திப் பதினேழு எங்க வரும்? கணக்கு எனக்கு நல்லா வரும். வரப்புல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வடக்குல இருந்து எண்ணிக்கிட்டே போய், 'இதுதான்'னு ஒண்ணைப் பிடிச்சேன். 'சார், நடுவுல நாலஞ்சு அந்து போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்'னான் வெயிலுமுத்து. கணக்கு அங்கேயே முடிஞ்சுது.

ரெஜினாதான் சொன்னா, 'நீங்க பிடிச்சதுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பத்துப் பத்து எடுத்துருவோம்'னு. முள்ளுல சிக்காம, முறுக்காம, அவ ஒரு முனை, வெயிலுமுத்து பொண்டாட்டி ஒரு முனை. நான் காலி கேசட்டுல பென்சிலை விட்டுச் சுத்துனேன். அடியில விழுந்து கிடந்ததையும் எடுத்தோம். வெயில் சாயுத வரைக்கும் இருபத்தியொண்ணு தேறுச்சு.

மறுநாள் காலையில ஆரம்பிச்சோம். நான் போட்டுக் குடுக்கணும், அவ ஹெட்போன் மாட்டிக் கேக்கணும். முதல் கேசட், 'பருத்திக்கு மருந்து அடிக்கச் சொல்லுதாங்க.' அடுத்தது, 'பாட்டு.' அடுத்தது, 'யாரோ இறந்துட்டாங்களாம், இரங்கல் சொல்லுதாங்க.' சில நாடாவுல மேல் பூச்சே உதிர்ந்து போய், காத்துதான் வருதுன்னா. நான் எதுத்தாப்புல உட்கார்ந்து அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். வேற வழி இல்ல, அதுல இருந்துதான் எனக்குத் தெரியணும். நாப்பத்திரண்டு வருஷத்துல அவ ரேடியோ கேக்கும்போது முகம் எப்படி இருக்கும்னு நான் பாத்ததில்ல தம்பி. பாக்குறதுக்கு எங்க, நான்தான் அவளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டி வச்சிருப்பேனே. பருத்திக்குப் பூச்சி மருந்து சொல்லுதாங்க, அதைப் போயி அப்படி அக்கறையா கேக்கா. நடுவுல ஒரு இடத்துல தானா சிரிச்சா. 'என்ன?'ன்னேன். கையை நீட்டிப் பேசாம இருங்கன்னு காட்டிட்டா.

பதினாறாவது கேசட்டு. கொஞ்ச நேரம் கேட்டா. புருவம் சுருங்குச்சு. 'ரசத்துல உப்பு எங்கடி'ன்னா.

நாற்காலியை முன்னால இழுத்தேன். 'சிரிப்பு? சிரிப்பு இருக்கா பாரு'ன்னேன். 'இருங்க, இன்னும் வரலை.' நாடா நடுநடுவுல மடங்கியிருந்துச்சு, அங்கங்க சத்தம் முங்கி முங்கி வருதுன்னா. பதினெட்டாவது நிமிஷத்துல அந்தச் சிரிப்பு வரணும், எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பதினேழு. பதினெட்டு. அவ முகத்தைப் பாத்தேன். அவ வாய் லேசா திறந்துச்சு. அப்புறம் அப்படியே மலர்ந்துச்சு. ஹெட்போனைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'மாதாவே, சின்னப் பிள்ளைங்க'ன்னா. 'சின்னப் பிள்ளை சிரிக்குத மாதிரியே இருக்கு.'

பேட்டரியிலயே ஏத்துனோம். ஏத்தி முடிக்க வரைக்கும் அவ ஹெட்போனைக் கழட்டலை. விசில் இல்லைன்னு அவ சொன்னதுக்கு அப்புறம்தான் அனுப்புனேன். கூட நாலு வரி எழுதுனேன். 'மகளே, தப்பு என் மேலதான். இயர்போன் வாங்கச் சொன்னதுக்கு மன்னிக்கணும். இந்தத் தடவை கேட்டுச் சரி பாத்தது என் மனைவி ரெஜினா'ன்னு. 'வருங்கால நேயர்' எல்லாம் போடலை.

இப்ப மிச்சக் கேசட்டை எல்லாம் மறுபடி ஏத்துதோம். அவதான் கேக்கா, நான் பேட்டரி மாத்துதேன். நூத்தைம்பது போனது போனதுதான். அதுக்கெல்லாம் அந்த விசிலோடதான் கேக்கணும், ஜனங்க. கமெண்ட் எழுதுன எழுபத்தெட்டு வயசுக்காரரு மட்டும், முன்னாடிதான் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுதாரு.

பத்தாம் நம்பரா கூப்பிடுதாங்க? அப்ப முடிச்சிருதேன்.

அனுப்புன மறுநாள் சியாமளாகிட்ட இருந்து பதில் வந்துச்சு. எழுத்து இல்ல, குரல். வாட்ஸ்அப்ல பேசி அனுப்பியிருந்தா. ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. காதுல வச்சுப் பாத்தேன். அழுதுக்கிட்டே மெல்லிசா பேசியிருக்கா போல, எனக்குக் கொசகொசன்னுதான் வருது. சத்தத்தைக் கூட்டுனா இரைச்சல்தான் கூடுது. ரெஜினாகிட்ட குடுத்தேன். அவ ஜன்னல் பக்கம் போய் நின்னு கேட்டா. முழுசும் கேட்டா. முந்தானையால கண்ணைத் துடைச்சுட்டு, மறுபடி முதல்ல இருந்து கேட்டா.

'என்ன சொல்லுதா?'ன்னேன்.

'நன்றிங்கிறா.'

'ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டும் நன்றியா?'

'இல்ல. அவ அம்மாவைப் பத்திச் சொல்லுதா. அப்புறம் உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லுதா.'

'என்னைப் பத்தியா? என்னன்னு?'

போனை என் கையில குடுத்தா. 'அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராதுங்க. அது நீங்க கேக்கணும்'னா. எத்தனையோ தடவை கேட்டுட்டேன், வாயைத் திறக்கலை. சமைக்கப் போயிட்டா.

அந்த மெசேஜ் இதோ இந்த போன்லதான் இருக்கு. காதுல மிஷின் மாட்டுனதும் முதல்ல அதைத்தான் கேக்கணும். நான்தான் இங்க போன் பண்ணி டோக்கன் சொல்லி வச்சேன், அவ சொல்லிக்கூட இல்ல.